கையளவுப் பெட்டி, கடலளவு வாக்கு

சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடை. கண்ணாடி மேசைமேல் சோப்புப் பெட்டியைவிடச் சற்றே பெரிய ஸ்பீக்கர் ஒன்றை வைக்கிறார் கடைக்காரர். தன் கைபேசியிலிருந்து ஒரு குத்துப் பாட்டைப் போட்டு, சத்தத்தைக் கடைசிப் புள்ளிவரை ஏற்றுகிறார். மேசை அதிர்கிறது. “பேஸ் பாத்தீங்களா சார்? இத்தனூண்டு பெட்டி சார் இது!” என்கிறார். நாமும் மயங்கிப் பணத்தை நீட்டுகிறோம். வீட்டுக்கு வந்து மெத்தைமேல் வைத்துக் கேட்டால், கடையில் கேட்ட பெட்டிதானா இது என்று சந்தேகம் வருகிறது. பெட்டி மாறவில்லை. கடையில் பாதிப் பாட்டைப் பாடியது அந்தக் கண்ணாடி மேசை.

கையடக்கமான, விலை மலிவான ப்ளூடூத் ஸ்பீக்கரை எப்படி மதிப்பிடுவது? ‘எந்த ஸ்பீக்கர் நல்லது’ என்ற கேள்விக்கான பதில் ஆண்டுக்கொரு முறை மாறும். ‘எப்படி மதிப்பிடுவது’ என்பதற்கான பதில் அவ்வளவு சீக்கிரம் மாறாது. அதற்கு அடியில் இருப்பது இயற்பியல். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது கேள்வியைத்தான் எடுத்துக்கொள்கிறது. பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, பலரும் பார்த்திருக்கக்கூடிய ஒரு வரிசையை உதாரணமாக வைத்துக்கொள்வோம்: ஜேபிஎல் நிறுவனத்தின் ‘கோ’. முதல் கோ 2015இல் வந்தது. மூன்றாவது 2020இல், நான்காவது 2024இல். இந்த அளவுப் பெட்டிகளுக்கு அது ஒரு முத்திரைப் படி மாதிரி ஆகிவிட்டது. மற்ற நிறுவனங்களும் அதைப் பார்த்தே தங்கள் பெட்டியைச் செதுக்குகின்றன.

வந்த வழி

காந்தத்துக்குள் ஒரு கம்பிச்சுருள், அதில் ஒட்டிய கூம்பு, கூம்பு அசைந்தால் காற்று அசையும். இன்றைய ஸ்பீக்கரின் இந்த அடிப்படை வடிவத்தை ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் ரைஸும் கெல்லாகும் 1925இல் வெளியிட்டார்கள். நூறாண்டு ஆகியும் அடிப்படை மாறவில்லை. மாறியதெல்லாம் அதைச் சுற்றியுள்ளவை. 1954இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த ரீஜென்சி டிஆர்-1 என்ற டிரான்சிஸ்டர் வானொலி, ஒலியைச் சட்டைப்பைக்குக் கொண்டுவந்தது. ஸ்வீடனின் எரிக்சன் நிறுவனத்தில் உருவான ப்ளூடூத்துக்காக 1998இல் எரிக்சன், ஐபிஎம், இன்டெல், நோக்கியா, தோஷிபா ஆகிய ஐந்தும் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. பத்தாம் நூற்றாண்டு டென்மார்க் அரசன் ஒருவனின் பட்டப்பெயர்தான் ‘நீலப்பல்’ என்ற அந்தப் பெயர்.

கம்பியில்லாமல் பாட்டு அனுப்பும் விதிமுறை வந்த பிறகும், கையடக்க ஸ்பீக்கரை ஆசைப்பட்டு வாங்கும் பொருளாக்கியது 2010இல் வந்த ஜாபோன் நிறுவனத்தின் ‘ஜாம்பாக்ஸ்’. அன்று அதன் விலை 199 டாலர். பிறகு கைபேசிச் சந்தை பெருகப் பெருக, லித்தியம் பேட்டரியும் ப்ளூடூத் சில்லும் அதிகம் சூடாகாத ‘கிளாஸ் டி’ பெருக்கியும் மலிந்தன. இன்று அதே வேலையைச் செய்யும் பெட்டி ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் பக்கம் 2017இல் சரிகமா கொண்டுவந்த ‘கார்வான்’ இன்னொரு பாடம் சொன்னது. பழைய பாடல்களை உள்ளேயே நிரப்பி, திருகும் குமிழோடு கொடுத்தால், ஸ்பீக்கர் என்றாலே ஒதுங்கும் பெரியவர்கள்கூட வாங்குவார்கள். ஒலித்தரம் அங்கே இரண்டாம்பட்சம். எடுத்தவுடன் பாட வேண்டும் என்பதுதான் முதல் தகுதி. இதைப் பின்னால் மறுபடி பார்ப்போம்.

மூன்றில் இரண்டு

இந்தப் பெட்டிகளைப் பற்றி ஒரே ஒரு விஷயம்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். சிறிய உருவம், உரத்த குரல், ஆழமான பேஸ். இந்த மூன்றில் இரண்டைத்தான் பெறலாம். ஸ்பீக்கர் செய்பவர்கள் இதை ஹோஃப்மன் விதி என்பார்கள். 1957இல் கேஎல்ஹெச் நிறுவனத்தைத் தொடங்கிய மூவரில் ஒருவரான ஆன்டன் ஹோஃப்மனின் பெயர் அது. அவர் புகழ்பெற்ற பியானோக் கலைஞர் ஜோசப் ஹோஃப்மனின் மகன்.

ஏன் இந்தக் கட்டுப்பாடு? கூம்பு காற்றைத் தள்ளித்தான் ஒலி பிறக்கிறது. சுருதி ஒரு ஸ்தாயி கீழே இறங்கினால், அதே சத்தத்தைத் தர அந்தக் கூம்பு நான்கு மடங்கு தூரம் முன்னும் பின்னும் போய்வர வேண்டும். 440 ஹெர்ட்ஸில் அது ஒரு பங்கு அசைந்தால், 220இல் 4 பங்கு, 110இல் 16 பங்கு, 55இல் 64 பங்கு. கோ 3இன் கூம்பு 43க்கு 47 மில்லிமீட்டர். அவ்வளவு சின்னது எவ்வளவு தூரம்தான் ஓடும்? பெரிய ஸ்பீக்கர் பரப்பால் செய்யும் வேலையை இது ஓட்டத்தால் செய்ய வேண்டியிருக்கிறது. ஓரளவுக்கு மேல் ஓட இடமில்லை.

அதனால்தான் கோ 3 தன் கீழ் எல்லையை 110 ஹெர்ட்ஸ் என்று ஒப்புக்கொள்கிறது. இதை நம் பாட்டோடு வைத்துப் பார்க்கலாம். பேஸ் கிடாரின் நான்கு தந்திகளும் மீட்டாமல் விட்ட நிலையில் தரும் சுருதிகள் ஏறத்தாழ 41, 55, 73, 98 ஹெர்ட்ஸ். நான்குமே அந்த எல்லைக்குக் கீழே. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார சட்ஜம் 131 ஹெர்ட்ஸ், தப்பித்துவிடும். அவர் மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினால் 98, தப்பாது. ஐந்து கட்டையில் பாடும் பெண் குரலின் சட்ஜம் 196. அதனால்தான் இந்தப் பெட்டிகளில் எம்.எஸ். சுப்புலட்சுமி எப்போதும் நன்றாக ஒலிக்கிறார், தவில் எப்போதும் இளைத்துப்போகிறது.

அப்படியானால் இளையராஜாவின் பாட்டில் பேஸ் கிடார் கேட்கத்தானே செய்கிறது என்று கேட்கலாம். கேட்கிறது, ஆனால் அதைக் கேட்பது காதைவிட மூளை. 41 ஹெர்ட்ஸ் தந்தியை மீட்டும்போது 82, 123, 164, 205 என்று மேல் அதிர்வுகளும் கூடவே எழும். அடிச்சுருதி காணாமல் போனாலும், மற்றவற்றின் இடைவெளியை வைத்து ‘இது 41தான்’ என்று மூளை நிரப்பிக்கொள்கிறது. இந்த இயல்பைத் தெரிந்து வைத்துக்கொண்டு, மேல் அதிர்வுகளைச் செயற்கையாகத் தூக்கிக் காட்டும் மென்பொருள்கள் உண்டு. ஏமாற்று என்று சொல்ல வேண்டியதில்லை, நல்ல கைவேலை. ஆனால் நெஞ்சில் வந்து மோதும் அதிர்வை மூளை நிரப்பாது. அது காற்று அசைந்தால்தான் வரும்.

இன்னொரு கைவேலை, பெட்டியின் முதுகிலோ பக்கவாட்டிலோ தெரியும் ரப்பர் தகடு. பலர் அதை இரண்டாவது ஸ்பீக்கர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதற்கு மின்சாரமே போவதில்லை. உள்ளே இருக்கும் கூம்பு தள்ளும் காற்றழுத்தத்தில் ஊஞ்சல்போல ஆடி, ஒரு குறிப்பிட்ட கீழ்ச்சுருதிக்கு மட்டும் கைகொடுக்கும். பாசிவ் ரேடியேட்டர் என்று பெயர். இருந்தால் நல்லது; ஆனால் விரலால் தொட்டால் துடிக்கிறது என்பதை மட்டும் வைத்துத் தரத்தை முடிவு செய்ய முடியாது.

வாட் என்னும் மாயை

1990களில் டேப்ரெக்கார்டர் வாங்கியவர்களுக்கு ‘பி.எம்.பி.ஓ.’ நினைவிருக்கும். மேசையில் அடங்கும் பெட்டியில் ஆயிரக்கணக்கில் வாட் எழுதியிருக்கும். எந்த அளவுகோலுக்கும் கட்டுப்படாத, கண நேர உச்சத்தைக் கற்பனையாகக் கூட்டிச் சொன்ன எண் அது. இன்று அந்தப் பேய் பெரும்பாலும் ஓய்ந்து, ‘ஆர்.எம்.எஸ். வாட்’ வந்திருக்கிறது. அது நேர்மையான அளவு. ஆனாலும் நம் கேள்விக்குப் பதிலில்லை. வாட் என்பது பெருக்கி கூம்புக்குக் கொடுக்கும் மின்திறன். அதில் ஒலியாக மாறுவது இத்தகைய சிறு ஸ்பீக்கர்களில் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. மீதி வெப்பம்.

மேலும், காது வாட்டை நேர்கோட்டில் கணக்கிடுவதில்லை. 5 வாட்டை 10 வாட்டாக்கினால் கூடுவது 3 டெசிபல். கவனித்தால் தெரியும் அளவு. ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று காது ஒப்புக்கொள்ளச் சுமார் 10 டெசிபல் வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே 5 வாட் பெட்டிக்கும் 8 வாட் பெட்டிக்கும் நடுவில் தவித்து நிற்பது வீண்.

இங்கே ஒரு சின்ன வகுத்தல் கணக்கு போட்டுப் பார்க்கலாம். கோ 3இன் பெருக்கி 4.2 வாட். பேட்டரி 2.775 வாட்-மணி. நிறுவனம் சொல்லும் நேரம் 5 மணி. 2.775ஐ ஐந்தால் வகுத்தால் 0.555. அதாவது, ஐந்து மணி நேரம் பாட வேண்டும் என்றால், ப்ளூடூத் சில்லையும் சேர்த்து மொத்தப் பெட்டியும் சராசரியாக அரை வாட்டுக்குச் சற்று மேல்தான் செலவழிக்கலாம். 4.2 வாட்டைத் தொடர்ந்து கொடுத்தால் பேட்டரி முக்கால் மணிகூடத் தாங்காது. இதில் பொய் ஏதும் இல்லை. பாட்டில் உச்சங்கள் கணநேரம்தான் வரும், சராசரி மிகக் குறைவு. ஆனால் பெட்டிமேல் அச்சிட்ட 4.2 வாட்டும் 5 மணியும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியாது. எந்தப் பெட்டியிலும் இந்த வகுத்தலைப் போட்டுப் பார்க்கலாம். பேட்டரி மில்லியாம்பியர்-மணியில் இருந்தால் ஆயிரத்தால் வகுத்து 3.7ஆல் பெருக்கினால் வாட்-மணி கிடைக்கும்.

கோ 4இல் வந்த ஒரு வசதி இதைக் கண்ணாடிபோலக் காட்டுகிறது. வழக்கமாக 7 மணி பாடும் பெட்டி, அந்த வசதியை இயக்கினால் இன்னும் 2 மணிவரை கூடுதலாகப் பாடும். எப்படி? பேஸைக் குறைத்துக்கொள்கிறது. ஹோஃப்மனின் மூன்று பேரம் இந்தப் பெட்டிகளில் நான்காகிவிட்டது. நான்காவதன் பெயர் பேட்டரி.

சத்தம் ஏற ஏற

மலிவுப் பெட்டிக்கும் நல்ல பெட்டிக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் சத்தப் பொத்தானில் தெரியும். மெதுவான சத்தத்தில் மனிதக் காது கீழ்ச்சுருதிகளை மந்தமாகவே கேட்கும். பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே இதை அளந்து காட்டினார்கள். ஆகவே நல்ல வடிவமைப்பாளர் குறைந்த சத்தத்தில் பேஸைத் தூக்கிக் கொடுத்து, சத்தம் ஏற ஏற அதைப் படிப்படியாக இறக்குகிறார். கூம்பு தன் எல்லையைத் தாண்டி ஓடி அடிபடாமலிருக்க இது அவசியம். நல்ல பெட்டியில் இந்த இறக்கம் தெரியாமல் நடக்கும். கெட்ட பெட்டியில் இரண்டில் ஒன்று நடக்கும்: ஒவ்வொரு தவில் அடிக்கும் பாடகரின் குரல் அமுங்கி அமுங்கி எழும், அல்லது பிளாஸ்டிக் உறையே கிறீச்சிடும்.

பெட்டிமேல் அச்சிடும் ‘110 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ்’ போன்ற வரம்புகளையும் இதே எச்சரிக்கையோடு வாசிக்க வேண்டும். அந்த எல்லையில் ஒலி எத்தனை டெசிபல் விழுந்திருக்கிறது, எவ்வளவு சத்தத்தில் அளந்தார்கள் என்ற இரண்டும் இல்லாவிட்டால், அந்த எண் ஊர்ப்பெயர் மட்டும் எழுதிய விலாசம். மலிவுப் பெட்டிகளில் ‘20 ஹெர்ட்ஸ் முதல்’ என்று பார்த்தால், எழுதியவருக்கு அளக்கும் பழக்கமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

கம்பியில்லாத கயிறு

ப்ளூடூத் இயங்குவது 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில். வீட்டு வைஃபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே தெருவில்தான் குடியிருக்கின்றன. நெரிசலைச் சமாளிக்க ப்ளூடூத் 79 தடங்களில் விநாடிக்கு 1600 முறை தாவித் தாவிப் பேசுகிறது. திறந்த இடத்தில் பத்து மீட்டர் என்பது பாதுகாப்பான எதிர்பார்ப்பு. மனித உடம்பில் உள்ள நீர் இந்த அலையை விழுங்கும். கைபேசியைப் பின்பையில் வைத்துத் திரும்பி நின்றால் பாட்டு விக்குவது இதனால்தான்.

பதிப்பு எண் மோகம் இன்னொன்று. 5.0, 5.1, 5.3 என்று ஏறுவதால் இந்தப் பெட்டிகளின் பாட்டுத் தரம் ஏறுவதில்லை. பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறைதான் தரத்தைத் தொடும். எல்லாக் கருவிகளிலும் கட்டாயமாக இருக்கும் எஸ்.பி.சி. முறையில் பொதுவாக விநாடிக்கு 328 கிலோபிட் வரை போகலாம். குறுந்தகட்டில் இருப்பது 1411. சோனியின் எல்டாக் 990 வரை போகும். ஆனால் நான்கரை சென்டிமீட்டர் கூம்பு ஒன்றில் இந்த வேறுபாட்டைத் தேடுவது, கிணற்று வாளியில் மழையளவு எடுப்பது போல. இந்த விலையில் சுருக்கமுறைப் பெயர்களுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை.

கொடுக்க வேண்டியது தாமதத்துக்கான கவனம். பாட்டு காற்றில் ஏறி இறங்க விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு ஆகலாம். படம் பார்க்கும்போது கைபேசிச் செயலி அதைச் சரிக்கட்டிவிடும். விளையாட்டில் சரிக்கட்டாது. கரோக்கிக்கும் வீணை பயிலும் பிள்ளைக்கு ஒலிபெருக்கவும் இது உதவாது. அதற்குக் கம்பி வேண்டும். கோ 2இல் கம்பி செருகும் துளை இருந்தது; கோ 3இல் எடுத்துவிட்டார்கள். புதிய பதிப்பு என்பதாலேயே எல்லாம் கூடியிருக்கும் என்று எண்ணக் கூடாது என்பதற்கு இது ஒரு சான்று.

ஸ்டீரியோ என்ற சொல்லையும் சந்தேகிக்கலாம். ஒற்றைக் கூம்புப் பெட்டியில் இடது, வலது இரண்டும் ஒன்றாய்க் கலந்துதான் வரும். இரண்டு கூம்பு இருந்தாலும் அவற்றின் இடைவெளி பத்து சென்டிமீட்டர் என்றால், இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்தவருக்கு அது மூன்று பாகைக்கும் குறைவான விரிவு. ஸ்டீரியோ அமைப்பு கேட்பது அறுபது பாகை. ஒரே மாதிரி இரண்டு பெட்டியை இணைக்கும் வசதி இருந்தால் மட்டும் இந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

தண்ணீர், தூசி, முதுமை

இந்தப் பெட்டிகளில் அச்சாகும் எண்களில் ஐபி எண் ஒரு பொது நெறிமுறைக்கு உட்பட்டது. முதல் இலக்கம் தூசிக்கு, இரண்டாவது நீருக்கு. 67 என்றால் தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நன்னீரில் அரை மணி கிடந்தாலும் தாங்கும். எக்ஸ்4 என்றால் தெளிப்பைத் தாங்கும். எக்ஸ் என்பது தூசிக்குச் சோதிக்கவில்லை என்ற ஒப்புதல். ஆனால் அந்தச் சோதனை புதுப் பெட்டிக்கு, நன்னீரில். மெரினாவின் உப்பு நீருக்கும் குளியலறைச் சோப்பு நுரைக்கும் அந்த எண் பொறுப்பேற்காது. கடலுக்குப் போய்வந்தால் நல்ல தண்ணீரில் அலசி, சார்ஜ் துளை காயும்வரை கம்பி செருகாமலிருப்பது பெட்டியின் ஆயுளைக் கூட்டும்.

இந்த வகைப் பெட்டிகளில் பெரும்பாலும் முதலில் சாவது பேட்டரி. லித்தியம் பேட்டரி முந்நூறு, ஐந்நூறு முறை முழுதாக ஏறி இறங்கினால் கொள்ளளவு எண்பது சதவீதத்தை நோக்கிச் சரியும். வெயிலில் நிறுத்திய காரில் கிடந்தால் அதற்கு முன்பே. 16 மணி பாடும் பெட்டி மூன்று மணி இழந்தால் யாருக்கும் தெரியாது. 5 மணிப் பெட்டி ஒரு மணி இழந்தால் வீடே பேசும். ஆகவே பேட்டரி நேரத்தை இன்றைய தேவைக்கு மட்டுமன்றி மூன்றாண்டுக்குப் பிறகான தேவைக்கும் சேர்த்தே கணக்கிட வேண்டும். நீர் புகாமல் ஒட்டி அடைத்த பெட்டியில் பேட்டரி மாற்றுவது கடினம். ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கையடக்க ஸ்பீக்கர்களுக்கும் டைப்-சி துளையைக் கட்டாயமாக்கிவிட்டது. 2027 பிப்ரவரி முதல் சிறு கருவிகளின் பேட்டரியைப் பயனரே கழற்றும்படி இருக்க வேண்டும் என்றும் பொதுவிதி செய்திருக்கிறது. அந்தச் சட்டங்கள் நமக்கு இல்லாவிட்டாலும், ஒரே தொழிற்சாலையிலிருந்து வரும் பெட்டி நமக்கும் மாறி வரும். மைக்ரோ யுஎஸ்பி துளையோடு இன்னும் விற்கும் பெட்டி, பெரும்பாலும் பழைய சரக்கு.

இந்தியாவில் விற்கும் ப்ளூடூத் ஸ்பீக்கருக்கு இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியின் அடியில் ‘ஆர்’ என்ற எழுத்தும் எண்ணும் இருக்கும். அமைவனத்தின் ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் தட்டிப் பார்க்கலாம். இந்தப் பதிவு பாட்டின் இனிமைக்குச் சான்றல்ல. உள்ளே இருப்பது லித்தியம் என்பதை மறக்காதவர்களுக்கான பாதுகாப்புச் சான்று. பிரபலமான பெட்டிகளுக்கு அச்சு அசலான போலிகள் உண்டு என்பதால், பாதி விலையில் கிடைக்கும் ‘ஒரிஜினலுக்கு’ இந்தச் சோதனை இரட்டிப்பாகத் தேவை.

எண்ணில் அடங்காதவை

எங்கள் வீட்டில் ஒரு மலிவுப் பெட்டி இருந்தது. விடியற்காலை ஐந்து மணிக்கு அம்மா சுப்ரபாதம் போட அதை அழுத்தினால், முதலில் ஓர் அந்நியப் பெண்குரல் ‘இணைப்புக்குத் தயார்’ என்று ஆங்கிலத்தில் தெருவுக்கே அறிவிக்கும். அந்த அறிவிப்பின் சத்தத்தைக் குறைக்க வழியே கிடையாது. பிறகு பாட்டு. சத்தத்தின் முதல் படியே அடுத்த வீட்டுக்குக் கேட்கும். அதற்குக் கீழே மௌனம்தான். ஒலித்தரம் மோசமில்லை. ஆனாலும் ஆறு மாதத்தில் அது பரணுக்குப் போய்விட்டது.

கையாளும் சுகம் என்பது இப்படிச் சின்னச் சின்ன விஷயங்களில் இருக்கிறது. இருட்டில் விரலுக்குத் தட்டுப்படும் பொத்தான். மெல்லிய சத்தத்துக்கும் படிகள். சற்று மௌனம் வந்தால் தூங்கிப்போய், பேச்சின் முதல் வார்த்தையை விழுங்காத தன்மை. வீட்டில் மூன்று கைபேசி இருந்தால் யாருடையதைப் பற்றிக்கொள்ளும் என்ற குழப்பமின்மை. பெரிய பெயர்களிடம் இல்லாத ஒன்று மலிவுப் பெட்டிகளில் பல நேரம் உண்டு: மெமரி கார்டு துளை. கந்த சஷ்டி கவசத்தையும் பழைய பாடல்களையும் ஒரு கார்டில் ஏற்றிச் செருகிக் கொடுத்தால், கைபேசியே தொடாத பாட்டிக்கு அது முழுமையான கருவி. கார்வான் சொன்ன பாடம் இதுதான். ஐந்து மடங்கு விலைப் பெட்டியால் அந்த வீட்டில் இந்த வேலையைச் செய்ய முடியாது.

வீட்டிலேயே ஒரு சோதனைச்சாலை

கருவிகள் வேண்டாம், ஒரு மாலைப்பொழுது போதும். கைபேசியின் ஈக்குவலைசரை முதலில் அணைத்துவிட வேண்டும். இரண்டு பெட்டிகளை ஒப்பிடுவதானால் சத்தத்தைச் சமப்படுத்துவது முக்கியம். ஒரு துளி உரக்க ஒலிப்பது எப்போதும் நன்றாக ஒலிப்பதாகத் தோன்றும். கடைக்காரரின் கலை முழுவதும் அதில்தான். ஒலி அளக்கும் இலவசச் செயலி ஒன்றை ஓரிடத்தில் நிறுத்தி இரண்டும் ஒரே எண் காட்டும்படி வைத்தால் போதும்.

முதலில் பேச்சு. நன்கு தெரிந்த ஓர் ஆண் குரலின் உரையை அரைச் சத்தத்தில் கேட்க வேண்டும். குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தால், இசைக்கும் அதே கதிதான். அடுத்து மிருதங்கம்: தொப்பியின் கும்கியும் வலந்தலையின் சாப்பும் தனித்தனியாகக் கேட்கிறதா? கும்கி மெலிந்திருக்கலாம், குற்றமில்லை. சாப்போடு குழம்பிவிடக் கூடாது. மூன்றாவது நாதஸ்வரம். மேல் ஸ்தாயியில் அது காதைக் குத்தினால், வடிவமைப்பாளர் ‘தெளிவு’ என்ற பெயரில் நடுச்சுருதிகளை அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கிறார். நான்காவது, ஓர் அடர்த்தியான திரைப்பாடலைப் போட்டுச் சத்தத்தை ஒவ்வொரு படியாக ஏற்றுவது. எந்தப் படியில் குரல் அமுங்குகிறதோ, அதற்கு முந்தைய படிதான் அந்தப் பெட்டியின் உண்மையான உச்சம். பெரும்பாலான மலிவுப் பெட்டிகளுக்கு அது கடைசிப் படிக்கு வெகு முன்னமே வந்துவிடும்.

ஐந்தாவது, பெட்டி வைக்கும் இடம். நடு மேசையில், சுவரை ஒட்டி, அறை மூலையில் என்று மாற்றி மாற்றி வைத்துக் கேட்க வேண்டும். மூலையும் சுவரும் கீழ்ச்சுருதிகளைத் திருப்பி அனுப்பி வலுவூட்டும். செலவில்லாத பாசிவ் ரேடியேட்டர். மொட்டை மாடியில் அந்தத் துணை இல்லை. அங்கே தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 டெசிபல் போகும். ஒரு மீட்டரில் கேட்டது நான்கு மீட்டரில் 12 டெசிபல் குறைந்திருக்கும். படுக்கையறையில் கோலோச்சிய பெட்டி மாடியில் முணுமுணுப்பது இதனால்தான்.

கடைசிச் சோதனை பக்கத்து வீட்டுக்காரர். ஒலி மாசுக் கட்டுப்பாட்டு விதிகள், 2000 குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைக்கின்றன. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கிக்கும் கட்டுப்பாடு உண்டு. ரயில் பெட்டியில் இதைத் திறந்து வைப்பவருக்குத் தனியாக விதி சொல்ல வேண்டியதில்லை. எதிர் இருக்கையின் முகம் சொல்லும்.

தீர்ப்பு

எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் படம் இப்படி வருகிறது. ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கும் பெட்டியிடம் பேச்சும் பக்திப் பாடலும் எதிர்பார்க்கலாம்; கார்டு துளையும் பதிவெண்ணும் இருந்தால் நல்ல பேரம். அதற்கு மேல் சில ஆயிரங்கள்வரை, கோ போன்றவை இருக்கும் தட்டில், நாம் கொடுக்கும் கூடுதல் பணம் வாட்டுக்குப் போவதில்லை. சத்தம் ஏறினாலும் குலையாத நடத்தைக்கும், நீர் காக்கும் அடைப்புக்கும், எண்களில் கொஞ்சம் நேர்மைக்கும் போகிறது. சமையலறைக்கும் பயணத்துக்கும் அது தகும். தம்புராவின் கார்வையோடு வீட்டில் உட்கார்ந்து கச்சேரி கேட்க வேண்டும் என்பவர் இந்தத் தட்டையே தாண்டிப் போக வேண்டும். அதே பணத்துக்குப் பழைய மர ஸ்பீக்கர் ஒரு ஜோடி கிடைத்தால், கம்பியோடு இருந்தாலும் அதுதான் மேல். பெட்டி சிறிதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை விட்டவுடன் ஹோஃப்மனின் மற்ற இரண்டும் தாமாகவே கைக்கு வந்துவிடும்.

சிறிய பெட்டி எதையோ விட்டுக்கொடுத்துத்தான் சிறிதாகியிருக்கிறது. எதை விட்டது என்பதை அட்டை சொல்லாது, கடைசிப் புள்ளிவரை ஏற்றிய சத்தமும் சொல்லாது. அடுத்த முறை ரிச்சி தெருவில் அந்தக் கண்ணாடி மேசை முன் நிற்கும்போது, பெட்டியைத் தூக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, “கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க, பேச்சு ஏதாவது போடுங்க” என்று கேட்டுப் பாருங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார். அந்தக் குறைந்த சத்தத்திலும் குரல் குரலாக இருந்தால், விலை பேசலாம்.